நாற்பத்தொரு கோணங்கள்

அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பதற்காக எங்கள் கட்டுரை வந்திருந்தது. முதல் பெயர் என் மனைவியுடையது. அவள் இறந்து ஏழு மாதம். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் அனுப்ப வேண்டும்.

புரோட்டான்மீது நியூட்ரானை மோதவிட்டால் அது எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்று கணிக்கும் மாதிரி அது. விசையின் சூத்திரம் அவளுடையது, கணினி நிரல் என்னுடையது. ஒரு பழைய ஆய்வக அட்டவணையின் நாற்பத்தொரு புள்ளிகளோடு எங்கள் வளைகோடு அச்சாக ஒட்டியது. கட்டுரையே அதை நம்பித்தான் நின்றது. புள்ளிகளை அவள்தான் கணினியில் ஏற்றினாள்.

செவ்வாய் காலை, பக்க எண்ணைச் சரிபார்க்க அந்தப் பழைய அறிக்கையை நூலகத்தில் எடுத்தேன். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: கோணங்கள் ஆய்வகத்தில் அளந்தவை. எங்கள் நிரல் கேட்பதோ இரு துகள்களின் பொது நிறைமையத்திலிருந்து பார்க்கும் கோணம். அது ஆய்வகக் கோணத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அவள் மாற்றாமல் அப்படியே ஏற்றியிருந்தாள்.

மாற்றி ஓட்டினேன். வளைகோடு ஒரு பக்கம், புள்ளிகள் ஒரு பக்கம்.

எதிர் மேசைக்காரனை, வரைபடத்தில் பிழை அளவைக் காட்டும் கோட்டின் பெயரால், பிழைப்பட்டை என்போம். எந்தப் புள்ளியைக் காட்டினாலும் அதன் பிழை அளவைத்தான் முதலில் கேட்பான். அன்று கேட்கவில்லை.

"அந்த நாற்பத்தொண்ணையும் தூக்கிடு. பழைய அளவீடு, நம்ப முடியலைன்னு ஒரு வரி போடு. ஊர்ல எல்லாரும் செய்யறதுதான்."

"அளந்தவங்க தப்புப் பண்ணலையே."

"இதை விட்டா அவ பேரு அச்சுல வருமான்னே தெரியாதுப்பா."

"தெரியும்."

"உன்னைத் திட்டக்கூட முடியல. துக்க வீட்டுச் சலுகை."

"திட்டு. சலுகை போன மாசத்தோட முடிஞ்சுது."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு என் திரைக்கு முன் உட்கார்ந்தான். இதழுக்கு நான் எழுதிய கடிதத்தைப் படித்தான். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று நான் அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

மாமியாரை அழைத்தேன்.

"அத்தை, கட்டுரை இப்ப வராது."

"ஏன் மாப்பிள்ளை? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"அவ ஒரு கணக்கை மாத்தாம ஏத்திட்டா. நானும் பார்க்கல."

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. நான்தான்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னவாம்?"

"நாளைக்கு இன்னொருத்தன் பார்ப்பான் அத்தை. அவ பேரைப் போட்டுத்தான் தப்புன்னு எழுதுவான்."



"சின்னதுலேர்ந்தே அவ அவசரக்குடுக்கை," என்றார். "சரி பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு மாசம் ஆகலாம்."

"ஆகட்டும். பேரு முதல்ல இருக்கணும்."

"இருக்கும்."

துகள்களின் சுழற்சியைப் பொறுத்து மாறும் விசையை அளவுக்கு மீறி அவள் வலுவாக்கியிருந்தாள். தவறான கோணங்கள் அவளை அப்படித் தள்ளியிருக்கின்றன. அதைத் தளர்த்தி ஓட்டினேன். பன்னிரண்டு புள்ளிகள் ஒட்டின. இருபத்தொன்பது ஒட்டவில்லை.

சூத்திரத்தின் அடுத்த உறுப்பில் கை வைத்தேன். சாப்பிடப் போகுமுன் மறுபடி ஓட்டினேன்.