ஆயுள் வாரன்ட்டி

வெளிநாட்டில் குடியேற எந்தப் பிரெஞ்சுத் தேர்வை எழுதுவது என்று கேட்க அவளுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை. கட்டிய கணவனைப் போய்க் கேட்டாள். அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். எதைக் காட்டினாலும் வாரன்ட்டி எத்தனை வருஷம் என்றுதான் முதலில் கேட்பான். கல்யாணத்தன்று அவளைப் பற்றி அப்படிக் கேட்காமல் விட்டதே பெரிய விஷயம்.

“ரெண்டு இருக்குங்க. டெஃப்னு ஒண்ணு, ரெண்டு வருஷம்தான் செல்லும். டெல்ஃப்னு இன்னொண்ணு, ஆயுசுக்கும் செல்லும்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு வருஷச் சரக்க எவன் வாங்குவான்? ஆயுசுக்கும் செல்றத எழுது.”

எழுதினாள். ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் ரத்தம் எடுத்துவிட்டு, பஸ்ஸில் வினைச்சொற்களை முணுமுணுத்து, பக்கத்து சீட்டுக்காரர்களை எழுந்து ஓட வைத்து, ஒன்றரை வருஷத்தில் பாஸ் செய்தாள். அவன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினான். வந்தவர்கள் எல்லாம் ஓர் எழுத்தும் புரியாமல் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

குடியேற்ற விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. அவர்கள் போக நினைத்த நாடு ஒத்துக்கொள்ளும் பட்டியலில் டெல்ஃப் இல்லை, டெஃப் இருந்தது. மூன்று மாதத்தில் அவளுக்கு ஒரு வயது ஏறும், வயதுக்கு அந்த நாடு போடும் மதிப்பெண் இறங்கும். அப்புறம் இந்த ஜென்மத்தில் போக முடியாது.

“எங்க போறோம்னு பாத்துட்டுத்தான டிக்கெட் எடுப்பாங்க? நீங்க டிக்கெட் கிழியுமா கிழியாதான்னு பாத்திருக்கீங்க!”

“நான் சொன்னா? நீதான படிச்சவ?”

அதுதான் சுருக்கென்று தைத்தது. விதிமுறையை ஒரு தடவை படித்திருந்தால் போதும். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், டெஃபுக்குப் பெயர் கொடுத்தாள்.

பேச்சுத் தேர்வில் நீச்சல் வகுப்பு விளம்பரம் ஒன்றை நீட்டினார்கள். போனில் பேசுவதுபோல விவரம் கேட்க வேண்டும். டெல்ஃபுக்காகக் கருத்துச் சொல்லியே பழகியவளுக்குக் கேள்வி கேட்க வாய் வரவில்லை. மனசுக்குள் கணவனைத் திட்டினாள். திட்டும்போதே அவன் பழைய ஃபிரிட்ஜ் வாங்கும் அழகு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக நடக்கிறது? முன்பு சேர்ந்தவர்கள் ஏன் விட்டார்கள்? நடுவில் நின்றால் யார் பொறுப்பு? நீந்த வராவிட்டால் வாரன்ட்டி உண்டா? பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வி. கடைசியில் தேர்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு முடிவு வந்தது. கேட்ட மதிப்பெண்ணுக்கு மேலேயே வாங்கியிருந்தாள். விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு, அச்செடுத்த தாளைக் கடைக்குக் கொண்டு போனாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. எருமைக்கும் அழத் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பழைய சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சுத்தியலை எடுத்தாள்.

“ஆணி அடிக்காத,” என்றான். “ஆயுசுக்கும் செல்றது இங்கயே தொங்கட்டும். இத பெட்டியில வை.”