நேர்ந்துவிட்ட கூந்தல்

என் தலைமுடி நாலு வருடத்துக்கும் மேலாக என்னுடையதாக இல்லை. அது முருகனுடையது. என் கணவர் பன்னீர்செல்வம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நேர்ந்துவிட்ட ஆடாவது ஊரைச் சுற்றிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளும். நேர்ந்துவிட்ட கூந்தலுக்குத் தினமும் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னி, அலுவலகத்துக்கும் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கறி வாங்கப் போர்ட் பிளேர் போயிருந்தார். நான் கடலுக்கு இந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில், வீட்டில் இருந்தேன். முதலில் நிலம் ஆடியது. அப்புறம் தண்ணீர் ஏறி, படகு வந்து நிற்கும் ஜெட்டியை மூடியது. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம். படகுப் போக்குவரத்து நின்றுபோனது. அக்கரையில் சாத்தம் ஜெட்டியில் நின்றுகொண்டு இவர் முருகனிடம் பேரம் பேசியிருக்கிறார். "அவள உசுரோட குடுத்துரு, அவ முடிய உனக்குக் குடுத்துர்றேன்."

தன் முடியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தலை அப்போதே வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது. அதை வைத்து எந்தச் சாமியிடமும் பேரம் பேச முடியாது. மீசை இருந்தது. நல்ல அடர்த்தியாக, இரண்டு பக்கமும் லேசாக முறுக்கிவிட்ட மீசை. பெண் பார்க்க வந்த அன்று அந்த மீசையைப் பார்த்துத்தான் நான் தலையாட்டினேன். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தன் மீசை ஞாபகம் வரவில்லையாம், என் முடிதான் வந்ததாம்.

சாயங்காலம் யாருடைய படகிலோ தொற்றிக்கொண்டு வந்துசேர்ந்தார். மேட்டில் பெண்கள் எல்லாரும் கடலைப் பார்த்து நின்றிருந்தோம். அவர் பின்பக்கப் பாதையாக ஏறி வந்தார். அத்தனை முதுகுகளில் முழங்கால்வரை அவிழ்ந்து கிடந்த என் முடியை அடையாளம் கண்டு ஓடி வந்தார். வந்தவர் என் கையைப் பிடிக்கவில்லை, முடியைக் கொத்தாகப் பிடித்தார். வலியில் கத்தினேன். அப்புறம் இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

அதுவரை எல்லாம் நல்லதுதான். தொல்லை அதற்குப் பிறகு ஆரம்பித்தது. நேர்ந்த முடியில் கத்திரி படக்கூடாது. நுனி வெடித்தாலும் வெட்டக்கூடாது. சரி, நேர்ச்சையை முடித்துவிடலாம் என்றால் பழனிக்குத்தான் போக வேண்டும் என்றார். ஒரு வருடம் கப்பலில் டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் டிக்கெட்டும் லீவும் கிடைத்தன, இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கப்பல் கிளம்பிய மறுநாள் இடுப்பு விட்டுவிட்டது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். சாமியைக் காட்டி என்னை வெட்டவிடுவதில்லை, கப்பலைக் காட்டிச் சாமிக்கும் கொடுப்பதில்லை. ஆள் கெட்டிக்காரர்.

எங்கள் ஊரில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதில் பாதியை என் தலை குடித்துவிடும். வருடத்தில் பாதி மழை, துவட்டிய முடி காய்வதற்குள் அடுத்த குளியல் வந்துவிடும். வேலைக்குப் போக தினமும் படகில் கடலைத் தாண்ட வேண்டும். அந்தக் காற்றில் பின்னல் என்ன, கொண்டை என்ன, எதுவும் நிற்காது. ஒருமுறை என் முடி அவிழ்ந்து பறந்து, பக்கத்தில் நின்ற அதிகாரி ஒருவரின் கண்ணாடியில் சிக்கிக்கொண்டது. சாத்தம் சேரும்வரை அவரும் நானும் தலையோடு தலை வைத்து நின்றோம். அவர் மிகவும் மரியாதையாகத்தான் நின்றார். பாம்பூஃப்ளாட் அப்படிச் சொல்லவில்லை.

நான் போர்ட் பிளேரில் ஒரு நூலகத்தில் உதவியாளர். மழை ஒழுகி நனைந்த பழைய பத்திரிகைகளை ஒருநாள் மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்று. எண்பது வருடங்களுக்கு முந்தையது. உள்ளே வரிசையாகப் பெண்கள். எல்லாருக்கும் காதுமடலோடு, தாடையோடு நின்றுவிட்ட முடி. பிடரி பளிச்சென்று தெரிந்தது. 'பாப்' என்று போட்டிருந்தார்கள். ஒருத்தி கார் ஓட்டினாள், ஒருத்தி டைப் அடித்தாள், ஒருத்தி ஒன்றும் செய்யாமல் சிரித்தாள். அவளைத்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

முடியை வெட்டிக்கொண்டதற்காக வேலை போனவர்கள், அப்பா வீட்டுக்குள் விடாதவர்கள், கணவன் பேச மறுத்தவர்கள் என்று கட்டுரை முழுக்க ஒரே ரகளை. பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடைகள் வெட்ட மாட்டோம் என்று சொல்லிவிட, அவர்கள் நேராக ஆண்களின் முடிதிருத்தும் கடைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார்களாம். படித்துவிட்டு என் பின்னலைத் தூக்கி மேசைமேல் வைத்துப் பார்த்தேன். நனைந்த பத்திரிகைகளைவிட அதுதான் கனமாக இருந்தது.

அன்று மாலையே எங்கள் கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெங்காலிப் பெண் மிதாலியிடம் போனேன். கழுத்தில் கை வைத்து அளவு காட்டினேன். அவள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நஹி தீதி, நஹி! ஒங்க ஆத்மி வந்து சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

என் தலைக்கு என் ஆத்மி, அதாவது என் புருஷன், வந்து சொல்ல வேண்டுமாம். பத்திரிகைப் பெண்களை நினைத்துக்கொண்டு நேராக நாகலிங்கத்தின் சலூனுக்குள் நுழைந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஏதோ தவறு செய்துவிட்டவர்கள் மாதிரி எழுந்தார்கள். நாற்காலியில் இருந்தவர் ஒரு கன்னத்தில் நுரையோடு தெருவுக்குப் போய்விட்டார்.

"அக்கா, அது சாமி முடி," என்றான் நாகலிங்கம். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா, ஊருக்கே தெரியும். "கடையில வச்சு அதத் தொட்டேன்னா என் கை வெளங்காது. பங்குனி உத்திரத்துக்கு அக்கரை முருகன் கோயில்ல நான்தான் மொட்ட போடுறேன். அங்க வாங்க. மொட்ட வேணாம்னா பூமுடி குடுங்க. பொம்பளைங்க நெறையப் பேரு அப்படித்தான குடுக்குறாங்க. நுனியக் கொஞ்சம் கத்தரிச்சாப் போதும், நேர்ச்ச முடிஞ்சது."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்கு மீன் பொரித்துத் தட்டில் வைத்தேன். வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, அன்னைக்கு ஜெட்டியில நின்னு எந்த முருகன்னு சொல்லி வேண்டுனீங்க?"

"எந்த முருகன்னா? முருகான்னுதான் கத்துனேன்."

"பழனின்னு சொல்லலைல்ல?"

"அந்த நேரத்துல அட்ரஸா சொல்லுவாக?"

"அப்ப பக்கத்துல, இங்க இருக்கிறவருக்குத்தான் மொதல்ல காது கேட்டிருக்கும். அவரு காப்பாத்திக் குடுத்ததுக்குப் பழனியில போயிக் குடுத்தா இவரு என்ன நினைப்பாரு?"

மீன் அப்படியே கையில் நின்றது. அதைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு, "மொட்டையெல்லாம் வேணாம் புள்ள," என்றார். "மறுபடியும் தண்ணி வந்துச்சுன்னா கூட்டத்துல ஒன்னைய எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. இடுப்புப் பிடிப்பு, லீவு, கப்பல் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருந்திருக்கிறது. அவர்மேல் அப்போது எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் ஒரு மனிதரின் பயத்தை நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் அலசுவது?

"மொட்ட வேணாங்க. பூமுடி குடுப்போம்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். "இம்புட்டுத்தான?"

"ரசம் ஊத்தவா?" என்றேன்.

பங்குனி உத்திரத்தன்று கோயிலில் இடம் கொள்ளாத கூட்டம். காவடியும் பால்குடமுமாக எங்கு பார்த்தாலும் மஞ்சள். அவரும் மஞ்சள் வேட்டி கட்டி, மஞ்சள் துண்டு போர்த்தியிருந்தார். பக்கத்து வீட்டு ஒச்சம்மா அக்கா பால்குடம் எடுத்துவிட்டு, எங்கள் நேர்ச்சையைப் பார்ப்பதற்கென்றே கூட வந்து நின்றாள். நாகலிங்கத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அவன் தலையில் தண்ணீர் தெளித்தான், கத்திரியை எடுத்தான், பின்னலின் நுனியைப் பிடித்தான்.

"அங்க இல்ல, நாகலிங்கம்," என்று காதுக்குக் கீழே கை வைத்தேன். "இங்க."

"அக்கா, பூமுடின்னு சொன்னீங்க!"

"அதான் குடுக்குறேன். சாமிக்கு அளந்தா குடுப்பாங்க? மனசாரக் குடுக்குறேன், வெட்டு."

நாகலிங்கம் என் கணவரைப் பார்த்தான். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஒச்சம்மா அக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டு, "முருகா! இந்த மனசு யாருக்கு வரும்? வெட்டுடா!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டார்கள். இத்தனை பேருக்கு நடுவில் சாமிக்குக் கொஞ்சமாகக் கொடு என்று எந்த மனுஷன் சொல்லுவான்? என் கணவர் வாயை மூடிக்கொண்டார்.

கத்திரி ஒரே மூச்சில் அறுக்கவில்லை. கரும்பு வெட்டுவது மாதிரி நறுக்கு நறுக்கென்று போனது. பின்னலைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். இடம் போதாமல் வெளியே தொங்கியது. என் பிடரியில் காற்று பட்டது. அந்த இடத்தில் எனக்கு விவரம் தெரிந்து காற்றே பட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிக்கத் தோன்றியது. சாமி முன்னால் இருக்கிறோமே என்று அடக்கிக்கொண்டேன்.

"அவள எந்திரிக்கச் சொல்லு. நான் ஒக்காரணும்," என்ற குரல் கேட்டது.

நாகலிங்கம் அவர் தலையைப் பார்த்தான். "மாமா, ஒங்களுக்கு எதை எடுக்கிறது?"

"மீசைய எடு."

"என்னங்க! அதை எதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு திருட்டுத்தனம். "மனசாரக் குடுக்குறேன்," என்றார்.

ஒச்சம்மா அக்கா மறுபடியும் கையைத் தூக்கிவிட்டாள். அரோகரா! நான் வாயை மூடிக்கொண்டேன். கத்தி இரண்டு இழுப்பு இழுத்தது. மீசைக்கு அடியிலிருந்து எனக்கு அறிமுகமே இல்லாத ஓர் உதடு வெளியே வந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். நடுவில் ஒரு காவடி ஆட்டம் புகுந்தது. அது நகர்ந்த பிறகு அவரைக் காணோம்.

எங்கள் வீட்டின் ஒரே மொபைல் என் பையில் இருந்தது. ஒச்சம்மா அக்கா அக்கரையிலேயே, மின்னி பே பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு முன்னால் போயிருப்பார் என்று நானும் சாத்தம் ஜெட்டிக்கு வந்தேன். ஜெட்டி முழுக்கக் கோயில் கூட்டம். தேடட்டும் என்று முதலில் நினைத்தேன். பெண்களுக்கு நடுவில் கடலைப் பார்த்து, பிடரியைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதில் எனக்கே ஒரு குறும்பு. கொஞ்சநேரம் போயிற்று. யாரும் வரவில்லை. திரும்பி நானே தேட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஜெட்டியில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம், எல்லார் இடுப்பிலும் மஞ்சள் வேட்டி. மீசை இருந்தால் எத்தனை மொட்டைகளுக்கு நடுவிலும் பிடித்துவிடுவேன். அன்று அந்த மேட்டில்கூட, தப்பித்தவறி வந்த ஒவ்வொரு படகிலும் அந்த மீசையைத்தானே தேடிக்கொண்டு நின்றேன்.

படகில் ஏறும் அவசரத்தில் ஒருவன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து என் காலில் ஏற்றினான். இருந்த பயமெல்லாம் அவன்மேல் கொட்டியது.

"அரே பாயி, அந்தா ஹே க்யா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒங்க அப்பன் வீட்டு ஜெட்டியா இது?"

அவன் மிரண்டுபோய் வண்டியைத் திருப்ப இடம் தேடினான். பக்கத்தில் சந்தனத் தலையோடு ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே," என்றேன். "இந்த ஆளு போயித் தொலையட்டும்."

அவர் தள்ளி நிற்கவில்லை.

"அண்ணனா?" என்றார்.

எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எம்புட்டு நேரமா ஒன் பக்கத்துலதான் நிக்கிறேன். என் மூஞ்சியப் பாக்குற, தாண்டிப் போற. மறுபடி பாக்குற, மறுபடி தாண்டிப் போற."

"நீங்க எப்படி என்னையக் கண்டுபிடிச்சீங்க? முடிதான் இல்லையே?"

"தூரத்துலருந்து பாத்தேன். இடுப்புல கைய வச்சுக்கிட்டுக் கடலையே மெரட்டுற மாதிரி ஒருத்தி நின்னா. வேற யாரு அது?"

நாலு வருடமாக என்னைக் கூட்டத்தில் தொலைத்துவிடுவோம் என்று இந்த மனிதர் பயந்துகொண்டிருந்தார். அவரை நான் தொலைத்துவிடக்கூடும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அழுகை வந்தது. அவருக்குத் தெரியக்கூடாது என்று முகத்தை மறைக்க முடியை முன்னால் இழுக்கப் போனேன். கைக்கு ஒன்றும் வரவில்லை.

"மீசைய வளத்துருங்க," என்றேன்.

"அது சாமிக்குக் குடுத்த மீசை. பழனிக்குப் போயி உத்தரவு கேட்டுத்தான் வளக்கணும். கப்பல்ல டிக்கெட் கெடைக்கட்டும்."

படகு வந்து நின்றது. கூட்டம் நெருக்கித் தள்ளியது. நான் அவருடைய மஞ்சள் துண்டின் நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"கிழியுது புள்ள, விடு," என்றார்.

பாம்பூஃப்ளாட் சேரும்வரை நான் விடவில்லை.