ஆக்ரா வரை போன தாங்கி

எட்டு மணிக்குள் கணக்கை அனுப்பாவிட்டால் வடிவுக்குச் சான்றிதழ் கிடையாது. இன்னும் ஆறு மாதம் ஆபீஸ் முடிந்து லோதி ரோட்டில் பஸ் பிடித்து இந்த மாலைநேரக் கணினி வடிவமைப்பு வகுப்புக்கு அலைய வேண்டும். மணி ஏழரை. கணினித் திரையில் தகட்டோடு ஒட்டி நிற்க வேண்டிய இரும்புத் தாங்கி, எவ்வளவு தாங்கும் என்று பார்க்கச் சுமை ஏற்றியதும் மூன்றாம் முறையாகப் பறந்தது. இருநூறு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டதாம்.

"இங்கேர்ந்து ஆக்ராவே வந்துடுச்சுக்கா! தாஜ்மகாலைப் பாத்துட்டு வரட்டும், விடுங்க," என்றான் பக்கத்து நாற்காலி அருள்ராஜ்.

"வாயை மூடுடா."

சுமை, உலோகம், அளவு எல்லாவற்றையும் நோட்டில் டிக் போட்டுச் சரிபார்த்தாயிற்று. தனக்கு இது வரவே வராதோ? கடைசியாக இணைப்புப் பட்டியலைத் திறந்தாள். தாங்கி எதோடு இணைந்தது என்ற இடம் காலியாக இருந்தது. கோப்பின் பெயர் ஒழுங்காக இல்லையென்று நேற்று தாங்கியை நீக்கிவிட்டு, அதையே நல்ல பெயரில் மறுபடி சேர்த்தவள் அவள்தான். பழையதோடு இணைப்பும் போய்விட்டது. திரையில் தாங்கியும் தகடும் தொட்டுக்கொண்டு நின்றாலும், சொல்லாதவரை கணினிக்கு அவை யாரோ எவரோ.

"என் ஒழுங்குல இடி விழ!"

மறுபடி இணைத்துக் கணக்கை ஓட்டினாள். நகர்வு அரை மில்லிமீட்டர். மணி ஏழு ஐம்பத்தெட்டு. அனுப்ப வேண்டிய அறிக்கைக் கோப்பின் பெயரும் ஒழுங்கில்லாமல்தான் இருந்தது. மாற்றக் கை துறுதுறுத்தது. அப்படியே அனுப்பினாள்.