சின்னக் குழி

அலைவரிசைக்கு அடுத்த வாரம் இதயத்தில் அறுவை சிகிச்சை. அதற்குள் வீட்டுக்குப் பின்னால் ரேடியோ கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டே தீர வேண்டும் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். அலைவரிசை என்பது தெரு வைத்த பெயர். அமெச்சூர் ரேடியோ பைத்தியம் பிடித்து, கடல் தாண்டி முகம் தெரியாத யார் யாரிடமோ "கேக்குதா, கேக்குதா" என்று விசாரித்துக்கொண்டிருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கட்டின மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் கேட்காது.

மனைவிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நெஞ்சில் கத்தி வைக்கப் போகிற நேரத்தில் கம்பி, சிமெண்ட் என்று அலைகிறாரே என்பது ஒரு பக்கம். வெளியே சொல்லாத பயம் இன்னொரு பக்கம். அவர் திரும்பி வராமலே போய்விட்டால், கோபுரம் ஏறாத அந்தக் கான்கிரீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே அவள் காலம் தள்ள வேண்டும்.

மேஸ்திரி காலையிலேயே ஆட்களோடும் கலவை மெஷினோடும் வந்துவிட்டார். பெரிய குழிக்குள் கம்பிக் கூடு தயாராக இருந்தது. கோபுரத்தின் அடியில் கீல் வரும். பலமான காற்று அடித்தால் கோபுரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம். கீலைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளும் அசையாமல் நிற்க, மேலே பலகைச் சட்டம் அடித்திருந்தார்கள். டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்றதால் அலைவரிசையை அவள் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ரசமட்டம் பார்த்தாயா, போல்ட் நேராக இருக்கிறதா என்று மேஸ்திரியின் உயிரை வாங்கினார். மேஸ்திரி பாவம், ஆமாம் சார், ஆமாம் சார் என்றபடி கலவையைக் கம்பியால் குத்திக்கொண்டே இருந்தார்.

பெரிய குழி நிரம்பியது. பக்கத்தில் வாளி கொள்ளும் அளவுக்கு இன்னொரு சின்னக் குழி. அது எதற்கு என்று நேற்றே கேட்டிருந்தாள். சும்மா ஒரு முட்டுக்கு என்று அவர் மழுப்பியிருந்தார். இப்போது மேஸ்திரியைக் கேட்டாள்.

"அது உங்களுக்குத்தான் அக்கா. கையால சுத்தி கயித்தை விடுற வின்ச் அதுல நிக்கும். கோபுரத்தை இறக்க சாதாரணமா ரெண்டு பேர் வேணும். இது இருந்தா அக்கா ஒருத்தரே இறக்கிடலாம்னு சார் சொன்னாரு."

டாக்டர் முன்னால்கூடக் கிண்டலடித்துக்கொண்டிருந்த மனிதர், தான் இல்லாத ஒரு புயல் நாளுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவள் மேல் எவ்வளவு கரிசனம் என்று நெஞ்சு உருகியது. அந்தக் கரிசனத்தின் மேலேயே கோபமும் பொங்கியது.

மண்வெட்டியை எடுத்தாள். ஓரத்தில் கிடந்த மண்ணைச் சின்னக் குழிக்குள் இழுத்துத் தள்ளினாள்.

"என்ன பண்றே? காத்தடிச்சா யாரு இறக்குவா?" என்றார் அலைவரிசை.

"ரெண்டு பேரும் இறக்குவோம். கயித்தை நீங்க பிடிங்க, பாரத்தை நான் பாத்துக்கறேன். ஒருத்தி இறக்குற கோபுரம் இந்த வீட்டுக்கு வேண்டாம்."

அவர் போல்ட்டுகள் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்."

மேஸ்திரி அடுத்த வேலைக்கு வந்தார். கான்கிரீட் இறுகும்வரை சாக்கு போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சார் ஆஸ்பத்திரியில் இருப்பாரே, யார் பார்ப்பது என்று கேட்டார். தண்ணீர் தான் ஊற்றுவதாக அவள் சொன்னாள். கோபுரம் ஏற்ற மட்டும் கணவர் வந்துவிட வேண்டும் என்றாள்.

அலைவரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கனம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மண்ணை மிதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மெதுவாக நடந்து வந்து, சின்னக் குழியில் அவள் தள்ளிய மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார்.