ஈரம் படாத அறை

“மெதுவா, மெதுவா. தலை இடிக்கப் போகுது,” என்றாள் அம்மா. மகளும் பக்கத்து வீட்டு லாரி டிரைவரும் மெத்தையோடு அப்பாவைத் தூக்கி வேனுக்குள் வைத்தார்கள். பிளம்பர் வேலைக்கு அப்பாவே ஓட்டிய வேன். குழாய் ஒட்டும் பசையின் வாசனை இன்னும் போகவில்லை.

கோடையில் மலைக்காடு பற்றி எரிந்தபோது தெருவே காலி செய்துவிட்டு ஓடியது. அவர் மட்டும் ஹோஸைப் பிடித்துக் கூரையை நனைத்தபடி நின்று வீட்டைக் காப்பாற்றினார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று குடித்த புகையில் நுரையீரல் படுத்துவிட்டது. இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் கைவிரித்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உயிர் தன் அறையில் போக வேண்டும்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது.

மெத்தை ஏறிய பிறகும் அப்பா விடவில்லை. “நெருப்பே தொடலை... தண்ணி என்ன பண்ணிடும்?”

“மேல செடி, கொடி, வேர் எல்லாம் கருகிடுச்சுப்பா. மண்ணைப் பிடிச்சு வைக்க ஒண்ணுமில்ல. மலையே சேறா இறங்கும்.”

“போற உசுரு, இங்கேயே போகட்டுமேடி,” என்றாள் அம்மா.

மகள் வண்டியை எடுத்தாள். பாலம் தாண்டிய வளைவில் அம்மா பின்னாலிருந்து, “கொஞ்சம் நிறுத்து,” என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

அடக்கம் டவுனிலேயே முடிந்தது. பாதை திறந்ததும் இருவரும் திரும்பி வந்தார்கள். மேல் தெருவைச் சேறும் பாறையும் கரிக்கட்டை மரங்களும் மூடியிருந்தன. இவர்கள் தெருமுனைவரை வந்த சேறு என்ன நினைத்ததோ, ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது. வீட்டுக்குள் சொட்டு ஈரமில்லை. அப்பா குடித்தது போக மீதித் தண்ணீர்கூட டம்ளரில் அப்படியே இருந்தது.

மனுஷன் கேட்டது ஒன்று, அதையும் கெடுத்துவிட்டோமே. அம்மா நாலு வார்த்தை திட்டினால்கூட நன்றாயிருக்கும் என்று மகளுக்குத் தோன்றியது.

“இங்கேயே இருந்திருக்கலாம் போலம்மா.”

அம்மா மெத்தையில்லாத கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மலை பச்சை பிடிக்க இன்னும் எத்தனை மழை ஆகுமோ,” என்றாள். “அடுத்த தடவை நானும் முரண்டு பிடிப்பேன். கேட்டுட்டு நிக்காதே. தூக்கிட்டுப் போயிடு.”

பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கொண்டுவந்த துணிப்பையை மட்டும் பிரிக்கவில்லை. வாசலில், அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.