கிளாஸ்கோ ஹாஜியார்

ஆறு ரூபாய் பதினோரு அணா. மா ரஹீமாவின் கடைக்கு அமீர் அலி துரை கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவுதான். ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் பட்ட கடன் என்று பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. மற்ற துரைமார் கிளப்பில் சீட்டாடி ஒரே ராத்திரியில் இதைப்போலப் பல மடங்கு தொலைப்பார்கள் என்று கேள்வி. எங்கள் துரை கிளப்புப் பக்கம் போகிறவர் இல்லை. அந்தச் சாப்பாட்டுக் கடையில் மோஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேவையும் ஆப்பமும் தின்றே கடனாளி ஆனவர்.

பசுண்டாங் ஆற்றங்கரையில் நாங்கள் வேலை பார்த்த அரிசி மில்லில் அவர் எஞ்சின் பார்க்கிறவர். ஊர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ. நான் பாய்லருக்கு உமி தள்ளுகிற கூலி. சாயங்காலம் ஆனால் மூக்கு, காது, முதுகு எல்லாம் உமியாகவே இருக்கும். இருமினால் அதுவும் உமி. எங்கள் பக்கத்தில் நின்று அதே தூசியைத் தின்ற வெள்ளைக்காரர் இவர் ஒருவர்தான். முன்னே கப்பல் வேலையில் இருந்தபோது இஸ்லாத்துக்கு வந்து அமீர் அலி என்று பெயர் வைத்துக்கொண்டவராம். அது தெரிந்ததிலிருந்து மானேஜருக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. மழை தொடங்குவதற்குள் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். கையில் கொடுத்தது ஊருக்குக் கப்பல் சீட்டு வாங்கச் சரியாகப் போயிற்று. கப்பல் வெள்ளிக்கிழமை காலையில்.

போவதற்குள் துரைக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மொகல் தெருவில் குடைக்கடை வைத்திருக்கும் இனாயத்துல்லா சாயபு ஞானவழி காட்டுகிற ஒரு ஷெய்கு. வியாழக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதபின் கடைக்கு மேல்மாடியில் நாலைந்து பேர் கூடி ராத்திபு என்கிற இறைத்துதியை ஓதுவார்கள். ஒரு வருஷமாகத் துரையும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆனால் ஷெய்கின் கையைப் பிடித்து உறுதிமொழி கொடுத்தால்தான் அவர்கள் வழியில் சேர்ந்தவர் ஆகலாம். பைஅத்து என்று அதற்குப் பெயர்.

"அங்கே ஓதிக்கொடுக்க ஆள் கிடையாது, கூட உக்கார ஆள் கிடையாது. கை புடிக்காம போனா நான் கயிறு இல்லாத சம்பான் படகுதான், வடிவேல்" என்றார் என்னிடம்.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் அவருக்கு வாய் நான்தான். துரையின் தமிழ் பாய்லர் அறையில் எங்களிடம் கற்ற தமிழ். முதல் நாள் ஷெய்கைப் பார்த்து, "டேய், சுகமா?" என்று விசாரித்தார். அன்றிலிருந்து கூடவே போகிறேன்.

செவ்வாய்க்கிழமை கேட்கப் போனபோது ஷெய்கு ஒரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"கை குடுக்கலாம். அதுக்கு முன்னே மனுசர் பாக்கி ஏதும் இருந்தா தீத்துட்டு வரணும். அல்லாஹ்வோட பாக்கிக்கு அவன்கிட்டயே அழுது கேட்டுக்கலாம். மனுசன் பாக்கியை அந்த மனுசன்தான் விடணும்."

"கையில காசு இல்லீங்களே" என்றேன்.

"இல்லேன்னா போய், பொருத்துக்கங்க, மன்னிச்சு விடுங்கன்னு பொருத்தம் கேக்கட்டும். பாக்கி உள்ளவங்ககிட்ட மட்டும் இல்ல, பழகின எல்லார்கிட்டயும். மனசு ஒப்பி விட்டாச் சரி. வாயால மட்டும் விட்டா அது செல்லாது."

துரை தன் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டி, ஊரிலும் இதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டார்.

"எஞ்சின் வேலைக்கா? சக்கரத்துல மாட்டிக்கும், தம்பி. கழட்டி வெச்சிட்டுப் போ. அஞ்சு வேளை தொழு. ஹலாலாச் சம்பாதி. விடிகாலையில நான் சொல்லிக்கொடுத்ததை ஓது. தெருவுல போறவனுக்கு உன்னை அடையாளம் தெரிய வேண்டியதில்ல."

நேரே மா ரஹீமாவிடம் போனோம். தகப்பன் நாகூர், தாய் பர்மாக்காரி. இரண்டு பாஷையிலும் வாய் நீளம். துரை அடுப்புக்கு முன்னால் கைகட்டி நின்று, "பொருத்துக்க" என்றார். நான் விஷயத்தை எடுத்துச் சொன்னேன்.

"விட்டேன்னு சொல்ல எனக்கு வாயா வலிக்குது? மனசு விடல, வடிவேலண்ணே. போன மாசம் பாக்கிக்குத் தின்னுட்டு, மோஹிங்காவுல உப்புக் கம்மின்னு நாலு பேர் முன்னாடி சொன்னாரு. அது உள்ளயே நிக்குது."

"அதையும் சேத்து விட்டுருங்களேன்."

"ஷெய்கு மனசார விடணும்னு சொல்லியிருக்காரு. நான் பொய்யா விட்டு, இவரு அங்க போய் ஓதுறது ஒண்ணும் சேராமப் போனா, அந்தப் பாவத்தை நீங்க வாங்கிக்குவீங்களா? காசு கொண்டாங்க. அது சுலபம்."

துரை கோட்டையும் பூட்ஸையும் விற்றார். அது அறை வாடகைக்கே சரியாயிற்று. உடுத்த வேறில்லாமல், ராத்திபுக்கு வருகிற ஒருவர் கொடுத்த வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை எனக்குப் பகல் வேலை. துரை தனியாகவே தெருத்தெருவாகப் பொருத்தம் கேட்கக் கிளம்பினார்.

வேலை விட்டு வந்து பார்த்தால், மா ரஹீமாவின் கடைவாசலில் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். கையில் கைக்குட்டை முடிச்சு, அதில் ஒன்பது ரூபாய்க்கு மேல் சில்லறை.

"நல்ல வழக்கம், வடிவேல். பொருத்துக்கங்கன்னு சொன்னேன், நாளைக்குக் கப்பல்னு சொன்னேன். எல்லாரும் அழுதாங்க. கட்டிப்புடிச்சாங்க. காசு குடுத்தாங்க."

நான் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். "குடுக்கும்போது என்ன சொன்னாங்க, தொரை?"

"ஒருத்தர் மகளுக்குப் பிள்ளை வேணும்னாரு. ஒருத்தருக்குக் கோர்ட்டுல கேசு. பீடாக்கடைக்காரரு என் கைக்கு முத்தம் குடுத்தாரு. தண்ணி கொண்டாங்கன்னு ஒரு பாட்டில் குடுத்தாரு. என்ன தண்ணி அது?"

மா ரஹீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹஜ்ஜுக் கப்பல் புறப்படுகிற பருவம் அது. அந்தத் தெருவில் வெள்ளை உடுத்தி, வீடு வீடாகப் பொருத்தம் கேட்டு, நாளைக்குக் கப்பல் என்று சொல்கிறவர் மக்காவுக்குப் போகிறவர்தான். அங்கே போய்த் தங்களுக்காகக் கேட்கச் சொல்லித்தான் அத்தனை பேரும் காசு கொடுத்திருக்கிறார்கள். பாட்டில், அங்கேயுள்ள ஜம்ஜம் கிணற்றின் புனிதத் தண்ணீருக்கு. இதை நான் சொன்னதும் துரையின் சிரிப்பு அப்படியே இறங்கிப்போயிற்று.

"அதுக்கென்ன, நாளைக்கு யாரு வந்து கேக்கப்போறா? என் பாக்கியை எடுத்து வெச்சிட்டு மாடிக்குப் போங்க. பொழுது சாயப்போகுது" என்றாள் மா ரஹீமா.

அவள் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. ஆறு ரூபாய் பதினோரு அணாவை எண்ணி வைத்தால் ஷெய்கின் கை கிடைத்துவிடும். விடிந்தால் கப்பல். துரை முடிச்சைப் பார்த்தார். அப்புறம் அதை இறுக்கிக் கட்டி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

"எங்க போறீங்க?"

"திருப்பிக் குடுக்க."

மா ரஹீமா அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். தன் பாக்கி தெருவில் நடந்து போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை போலிருக்கிறது. துரைக்கு வார்த்தை வராத இடத்தில் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"இவரு ஹாஜியார் இல்லீங்க. கிளாஸ்கோ ஹாஜியார். போற வழியில மக்கா கிடையாது. காசைப் புடிங்க."

சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். கோர்ட்டு கேசுக்காரர் காசை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து வாங்கினார். பீடாக்கடைக்காரர் காசும் பாட்டிலும் கைக்கு வந்த பிறகும் முறைத்தபடி நின்றார்.

"கையை முத்துனேனே, அதை எப்படித் திருப்பிக் குடுப்பாரு?"

துரை கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு அப்பியிருந்த அவர் கையை எடுத்து முத்தமிட்டார்.

மா ரஹீமா சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நிறுத்திப் பார்த்தாள், முடியவில்லை. துரையின் உதட்டில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

கடைசியாக மிச்சம் இருந்தது ஃபக்ருன்னிசா பீவியின் எட்டணா. சந்துமுனையில் ரவிக்கை தைக்கிற அம்மாள். விஷயத்தைக் கேட்டு மிஷின் சக்கரத்தை நிறுத்தினார்; காசை மட்டும் வாங்கவில்லை.

"மக்காவுக்குப் போகலேன்னா என்ன? உங்க ஊர்ல தொழுவீங்கள்ல?"

"தொழுவேன்."

"அப்ப அங்கேயே கேளுங்க, வாப்பா. இங்கேருந்து கேக்க எனக்கு ஆள் இருக்கு. அந்த ஊர்லேருந்து என் பேரைச் சொல்ல வேற யாரு இருக்கா?"

துரை எட்டணாவைக் கையில் மூடிக்கொண்டார். பிறகு மா ரஹீமாவிடம் நீட்டி, "இது மட்டும் இருக்கு" என்றார்.

"அது அவங்களுக்காக துஆ கேக்கச் சொல்லிக் குடுத்தது. என் கல்லாவுல போட்டு என்னை மாட்டிவிடாதீங்க."

பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. துரையின் தோள் தொங்கிவிட்டது. மா ரஹீமா அவர் ஜிப்பாக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொகல் தெருவில் விறுவிறுவென்று நடந்தாள். என் முதுகு வலிக்கு அந்த நடை ஆகவில்லை. ஓட்டமும் பெருமூச்சுமாகப் போய்ச் சேர்ந்தேன். குடைக்கடை பூட்டியிருந்தது. மேல்மாடியில் விளக்கு எரிந்தது. துரை பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுது வந்ததும், மா ரஹீமா அவரைப் படியில் ஏற விடாமல் நிறுத்திவைத்து, ஓதுவதற்கு அவர்கள் உட்காரும் நேரம் பார்த்து, தெருவில் நின்றபடியே அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

"சாயபு! அமீர் அலி பாக்கி ஆறு ரூபா பதினோரு அணா. விட்டுட்டேன். வாயால மட்டும் இல்ல, மனசாரத்தான்."