அறிக்கையில் எழுதாத காரணம்

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷமாக நோயாளிகளின் அட்டைகளைக் காத்துவந்தவர் அசரியா. 1987-இல் கமிட்டி கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானித்தது. பதிவேட்டுக்கு எந்த சாஃப்ட்வேர் கெட்டி, எது மலிவு என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது.

திருப்பதிக்குப் பஸ் ஏறி, ஒரு கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து இரண்டை ஓட்டிப் பார்த்தார். ஒன்று எட்டாயிரம் ரூபாய். பெயரைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் விவரத்தைக் காட்டும். ஆனால் ஆளுக்கு ஒரு பெயர்தான். இன்னொன்று முப்பத்திரண்டாயிரம். அதில் ஆளுக்கு இரண்டு பெயர் பதியலாம்; எந்தப் பெயரில் வந்தாலும் இவரே அவர் என்று சொல்லிவிடும்.

கடைக்காரர் வெங்கடரமணன் சிரித்தார். "ஒரு மனுஷனுக்கு எதுக்கு சார் ரெண்டு பேரு? எட்டாயிரத்துதே போதும்."

எதற்கா? அசரியாவுக்கா தெரியாது! சபையில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. கிறிஸ்தவர் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறினால் சாதிச் சான்றிதழ் போச்சு, பிள்ளைகளின் படிப்பும் வேலையும் போச்சு. அவருடைய அக்கா ஞானம்மாளே ரேஷன் கார்டில் ரத்தினம்மாதான். அவள் மகனுக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை கிடைத்ததும் அப்படித்தான். இப்படிப்பட்டவர்களுக்கு, இவரே அவர் என்று காட்ட, அட்டைப் பெட்டியில் அசரியா ஒரு நீலச் சீட்டு செருகி வைத்திருந்தார். ஏனென்று யாரும் கேட்டதில்லை. அறிக்கையில் அப்படி முடியுமா? இருபத்துநாலாயிரம் கூடக் கேட்டால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காகிதம் எத்தனை கை மாறுமோ!

மூன்று நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் 'நம் தேவைக்கு மலிவானதே போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிக்கனக்காரர் என்று கமிட்டி மெச்சிக்கொண்டது. பாவி மனுஷனுக்கு அதைக் கேட்கவே கூசியது. கம்ப்யூட்டர் வந்ததும் அட்டைகளெல்லாம் ஞானஸ்நானப் பெயரில் மட்டுமே அதில் ஏறின. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவர் காதிலும் ஓதினார்: "ஆஸ்பத்திரிக்கு வந்தா ஞானஸ்நானப் பேரையே சொல்லுங்க."

ஆடி மாதம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். நினைவு தப்பியவளை அவள் புருஷன் ஞானசிங் பங்காருபாளையத்திலிருந்து வாடகைக் காரில் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று பார்த்து அசரியா பிரிண்டருக்குக் காகிதம் வாங்கத் திருப்பதி போயிருந்தார். புது குமாஸ்தா ரேஷன் கார்டைக் கேட்டான். ஞானசிங் பதற்றத்தில் நீட்டிவிட்டார். ரத்தினம்மா என்று தட்டினால் திரையில் அப்படியொருத்தி இல்லை. பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு ஞானம்மாள் பெயரிலல்லவா இருந்தது! சோதனைக்கென்று கையில் துளி மருந்து ஏற்றினார்கள். அந்தத் துளியே அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்ததும் அசரியா ஞானசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அந்த ஊசி அக்காவுக்கு ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எதுனா மருந்து ஆவாதான்னு டாக்டரம்மா கேட்டாங்கப்பா," என்றார் ஞானசிங், அழுதுகொண்டே. "எனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எம்மச்சான் பாத்து வாங்கின மிஷின்ல எல்லாம் கீது, அதப் பாத்துட்டுப் போடுங்கன்னேன். அவங்க பாத்துட்டுதாம்பா போட்டாங்க."